திசைவி மென்பொருளில் இடையக வழிதல் பிழையும் தென்சென்னைப் புறநகரின் இணைய வரலாறும் (2005–2018)

ஆய்வுச் சுருக்கம்

ரூட்டர் என வழங்கும் திசைவிகளின் மென்பொருளில் காணப்பட்ட இடையக வழிதல் வகைப் பிழைகளைத் தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரின் இணைய வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ராம்பேஜர் என்னும் வலைச்சேவை மென்பொருளில் இருந்த பிழை, அதனை எழுதிய நிறுவனத்தால் 2005ஆம் ஆண்டிலேயே திருத்தப்பட்டது. சென்னையில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ஆயினும் 2014இல் உலக அளவில் ஏறத்தாழ 1.2 கோடிக் கருவிகளில் அப்பிழை நீடித்திருந்தது. திருத்தம் எழுதப்பட்ட நாளுக்கும் அது வீட்டை அடையும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே இங்கு ஆய்வுப்பொருள். அக்காலத் தாழ்வின் சுமை பயனர்மீது ஏற்றப்பட்டது என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: தாம்பரம், திசைவி, மோடம், இடையக வழிதல், ராம்பேஜர், அகலப்பட்டை, பி.எஸ்.என்.எல்., மைக்ரோடிக்.

முன்னுரை

தாம்பரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சில நிறுவனங்களை அடிப்படையாகக் கொண்டே எழுதுகின்றனர். 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை, 1931இல் கடற்கரை–தாம்பரம் தடத்தில் ஓடத் தொடங்கிய மின்தொடர்வண்டி, 1937இல் இங்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி, விமானப்படைத் தளம், 1984இல் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் என்ற வரிசை அது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானபோது வெளிவந்த ஊர்வரலாற்றுக் குறிப்புகள் பலவும் இவ்வரிசையையே பின்பற்றின. இப்பகுதியின் வீடுகளுக்குள் 2005க்குப் பின் நுழைந்த ஒரு சிறு பெட்டிக்கு, அதாவது மோடம் என்று வீட்டாரும் திசைவி என்று நூல்களும் குறிப்பிடும் கருவிக்கு, அவ்வரலாற்றில் இடமில்லை.

அப்பெட்டி வெறும் கம்பி இணைப்பான் அன்று. செயலி, நினைவகம், இயக்க மென்பொருள் ஆகிய மூன்றும் கொண்ட முழுமையான கணினி அது. வீட்டின் எல்லாத் தரவும் அதன் வழியாகவே செல்கிறது. வங்கிக் கணக்கு, மின்கட்டணம், பிள்ளைகளின் தேர்வு விண்ணப்பம் ஆகியவை இணையத்திற்கு மாறிய காலத்தில், வீட்டின் வாயிற்காவலாக நின்றது அக்கருவிதான். அதன் பிழைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

பிழையின் இயல்பு

இடையகம் என்பது உள்வரும் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள நினைவகத்தில் ஒதுக்கப்படும் அளவான இடம். 64 எழுத்துகளுக்கு என ஒதுக்கிய இடத்தில் 100 எழுத்துகள் வந்து விழுந்தால், மிகுந்த 36 எழுத்துகள் அடுத்துள்ள நினைவக அறைகளின்மீது எழுதப்படும். அவ்வறைகளில் வேறு தரவு இருந்தால் அது அழியும். நிரல் தன் வேலையை முடித்தபின் எங்குத் திரும்பவேண்டும் என்ற முகவரி அங்கு இருந்தால், அனுப்பியவர் விரும்பிய இடத்திற்கு நிரல் செல்லும். கருவியின் ஆட்சி கைமாறும் இடம் இதுதான். செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் எனத் தென்புறநகரின் ஊர்ப்பெயர்களோடு இணைந்த ஏரிகள் பல. ஏரி கட்டியவர்கள் மிகுநீர் வெளியேறக் கலங்கல் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் உருவான சி மொழி, நினைவக ஒதுக்கீட்டிற்கு அத்தகைய கலங்கலைத் தானாக அமைத்துத் தருவதில்லை. வரும் தரவின் நீளத்தைச் சரிபார்ப்பது நிரலரின் கடமை என்று விட்டுவிடுகிறது. இத்தேர்வு அக்காலக் கணினிகளின் வேகக் குறைவையும் நினைவகப் பஞ்சத்தையும் கருதிச் செய்யப்பட்டது. அதனை அறியாமை என்று கொள்வது பொருந்தாது.

அபாயமும் தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்தது. அமெரிக்க வான்படைக்காக ஜேம்ஸ் ஆண்டர்சன் 1972இல் எழுதிய அறிக்கை இவ்வகைத் தாக்குதலை விவரிக்கிறது. 1988 நவம்பர் 2ஆம் நாள் வெளியான மோரிஸ் புழு, ஃபிங்கர் சேவையின் 512 பைட் இடையகத்திற்குள் 536 பைட் தரவை அனுப்பி வாக்ஸ் கணினிகளைக் கைப்பற்றியது. அக்காலத்தில் சென்னையிலும் வலைப்பின்னல் அரும்பிக்கொண்டிருந்தது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் தொடக்க நிறுவனங்களுள் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று. எனினும் அன்றைய வலைப்பின்னல் ஆய்வகங்களுக்கு இடையேயானது. ஒரு கணினி வீழ்ந்தால் அதைக் கவனிக்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் அருகில் இருந்தார். பிழை வீட்டுக்குள் வந்தபோது நிகழ்ந்த முதன்மையான மாற்றம், அந்தக் கவனிப்பாளர் இல்லாமற்போனதே.

அதன் முன்னறிகுறி 2001இல் தென்பட்டது. மைக்ரோசாஃப்ட் வலைவழங்கியின் இடையக வழிதல் பிழையைப் பயன்படுத்திய கோட் ரெட் புழு, திசைவிகளைக் குறிவைக்கவில்லை. இருப்பினும் அது கண்மூடித்தனமாக அனுப்பிய வேண்டுகோளைப் பெற்ற சிஸ்கோ 600 வரிசை டி.எஸ்.எல். திசைவிகள் செயலிழந்தன. வீட்டுத் திசைவிக்குள்ளும் ஒரு வலைவழங்கி இயங்குகிறது என்பதைப் பலர் அப்போதுதான் உணர்ந்தனர்.

புறநகருக்கு அகலப்பட்டை வந்த விதம்

2004ஆம் ஆண்டின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட் வேகமுடைய, எப்போதும் இணைந்திருக்கும் இணைப்பையே அகலப்பட்டை என வரையறுத்தது. வேகத்தைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் பார்த்தால், ‘எப்போதும் இணைந்திருக்கும்’ என்ற தொடருக்கே கனம் மிகுதி. தொலைபேசி வழி எண் சுழற்றி இணைந்த காலத்தில் வீட்டுக் கணினி அரைமணி நேரம் வெளியுலகுக்குத் தெரிந்தது; பின்னர் மறைந்தது. டேட்டாஒன் என்ற பெயரில் பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபின், வீட்டின் மோடம் இரவும் பகலும் இணையத்தின் பார்வையில் நின்றது.

தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. ஆனால் தொலைபேசித் துறையின் கணக்கில் அது சென்னைத் தொலைபேசி வட்டத்திற்குள் இருந்தது. வருவாய்த்துறை எல்லைக்கும் தொலைபேசி எல்லைக்கும் உள்ள இவ்வேறுபாடு, புறநகர் வரலாற்றை எழுதுவோர் மாவட்ட ஆவணங்களோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு ஒரு சான்று. ஏ.டி.எஸ்.எல். நுட்பத்தில் தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரையுள்ள செப்புக் கம்பியின் நீளம் கூடக்கூட வேகம் குறையும். எனவே நிலையத்திற்கு அருகிலிருந்த பழைய குடியிருப்புகள் இதில் நற்பேறு பெற்றன. தொலைவில் புதிதாகப் பெருகிய மனைப்பிரிவுகள் பலவும் கேபிள் வழி இணையத்தையே நாடின. இவ்விரு பாதைகளின் பிழைகளும் வெவ்வேறு.

செப்புக் கம்பிப் பாதையில் வந்த கருவிகள் ஹுவாவேயின் ஸ்மார்ட்ஏஎக்ஸ் எம்டி880, யூடிஸ்டார்காம் யூடி300ஆர்2யூ போன்றவை. வாடிக்கையாளர் அவற்றை விலைகொடுத்தும் வாங்கலாம், மாத வாடகைக்கும் பெறலாம். சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு 1990களில் மைடாஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட், பேச்சோடு நொடிக்கு 35 கிலோபிட் இணையத்தையும் வழங்கிய கம்பியில்லா நுட்பம். அதன் நிரலை எழுதியோர் இந்நகரிலேயே இருந்தனர். அகலப்பட்டைக் காலத்தின் மோடம்களுக்கு அத்தகைய அண்மை இல்லை. ஒருவர் ராஜீவ் காந்தி சாலையில் வலைப்பின்னல் மென்பொருளைச் சோதித்துவிட்டுத் தாம்பரம் வீட்டுக்குத் திரும்பினாலும், அவ்வீட்டு மோடத்தின் நிலைப்பொருள் அவருக்கும் அயலதே.

ராம்பேஜர்: திருத்தமும் தாமதமும்

மோடத்தின் அமைப்புகளை உலாவியில் திறந்து மாற்றுவதற்கு அதனுள் ஒரு சிறிய வலைவழங்கி வேண்டும். அமெரிக்காவின் அலெக்ரோசாஃப்ட் நிறுவனம் எழுதிய ராம்பேஜர் அத்தகையது. குறைந்த நினைவகத்தில் இயங்குவதே அதன் சிறப்பு. அச்சிறப்பினுள்ளேயே பிழையும் இருந்தது. உலாவி அனுப்பும் குக்கிகளுக்காக ராம்பேஜர் தலா 40 பைட் கொண்ட பத்து அறைகளை முன்கூட்டியே ஒதுக்கியது. சி0 முதல் சி9 வரை அவற்றின் பெயர். பெயரில் உள்ள எண் ஒன்பதுக்குள்தான் இருக்கிறதா என்று நிரல் சரிபார்க்கவில்லை. ஒருவர் மிகப்பெரிய எண்ணைக் கொடுத்தால், அவ்வெண்ணை 40ஆல் பெருக்கி வரும் தொலைவில், நினைவகத்தின் எந்த மூலையிலும் அவர் விரும்பியதை எழுத முடிந்தது. கறாராகச் சொன்னால் இது எல்லைமீறி எழுதும் பிழை. இடையக வழிதலின் நெருங்கிய உறவு. அதனோடு சேர்ந்து அறிவிக்கப்பட்ட மற்றொரு பிழை, பயனரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் பகுதியில் இருந்த நேரடியான இடையக வழிதல். முன்னது சிவிஇ-2014-9222 என்றும் பின்னது சிவிஇ-2014-9223 என்றும் பதிவாயின.

செக் பாயிண்ட் நிறுவன ஆய்வாளர்கள் 2014 டிசம்பரில் இதனை ‘மிஸ்ஃபார்ச்சூன் குக்கி’ என்ற பெயரில் வெளியிட்டனர். 189 நாடுகளில் ஏறத்தாழ 1.2 கோடிக் கருவிகள் பாதிக்கப்படக்கூடியவை என்பது அவர்களின் கணிப்பு. ஹுவாவே, டி-லிங்க், டிபி-லிங்க், இசட்.டி.இ. முதலியவற்றின் கருவிகள் அவர்களது பட்டியலில் இருந்தன. பாரதி குழுமத்தோடு தொடர்புடைய பீட்டல் முத்திரையின் 110டிசி2 மாதிரியும், முன்பு குறிப்பிட்ட எம்டி880உம் அவற்றுள் அடங்கும்.

வரலாற்று நோக்கில் இந்நிகழ்வின் மையம் ஆண்டுகளில் இருக்கிறது. பிழையுடைய 4.07 பதிப்பு 2002இல் வெளிவந்தது. அலெக்ரோசாஃப்ட் 2005இல் வெளியிட்ட 4.34 பதிப்பில் குக்கிப் பிழை திருத்தப்பட்டிருந்தது. சென்னைப் புறநகரில் முதல் டேட்டாஒன் மோடம் பச்சை விளக்கு எரிந்த ஆண்டிலேயே அதற்கான மருந்து ஆயத்தமாக இருந்தது என்று பொருள். இருந்தும் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் பழைய பதிப்புடன் கருவிகள் விற்பனையாயின.

இத்தாமதத்தின் காரணம் கைமாற்றங்களின் எண்ணிக்கை. அலெக்ரோசாஃப்ட் தன் மென்பொருளைச் சில்லு உற்பத்தியாளர்க்கு உரிமம் வழங்கியது. சில்லு உற்பத்தியாளர் அதனைத் தம் மேம்பாட்டுத் தொகுப்பில் சேர்த்து மோடம் உற்பத்தியாளர்க்குக் கொடுத்தனர். மோடம் உற்பத்தியாளர் அதன்மீது முத்திரை ஒட்டி இணையச் சேவை நிறுவனத்திற்கு மொத்தமாக விற்றனர். சேவை நிறுவனம் அதனை வீட்டில் வைத்தது. நான்கு கைகள். திருத்தப்பட்ட பதிப்பை முதற்கை வெளியிட்டாலும், அதனை எடுத்துக்கொள்ளும்படி இரண்டாம் கையை வற்புறுத்தத் தன்னால் இயலாது என்பதே அலெக்ரோசாஃப்டின் விளக்கம். அவ்விளக்கம் சட்டப்படி சரியானது. அதனை ஏற்றால், நான்கு கைகளில் எவரும் தவறு செய்யாமலே நான்காம் கைக்கு அப்பாலுள்ள வீடு திறந்து கிடக்கும் நிலையை விளக்க வேறு சொல் தேடவேண்டியிருக்கிறது.

ராம்பேஜரால் விளைந்த திறப்பு அனுமானம் மட்டும் அன்று என்பதற்குச் சான்று அதே ஆண்டில் உண்டு. 2014 மார்ச்சில் டீம் சிம்ரு வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 3 இலட்சம் வீட்டுத் திசைவிகளில் டி.என்.எஸ். முகவரிகள் மாற்றப்பட்டிருந்ததைக் காட்டியது. வியட்நாம், இத்தாலி, தாய்லாந்து ஆகியவற்றோடு இந்தியாவும் அதில் இடம்பெற்றது. அங்குப் பயன்பட்ட வழிகளுள் ஒன்று குக்கிப் பிழையினும் எளியது: கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகள் அடங்கிய ‘ராம்-0’ கோப்பைச் சில மோடம்கள் கேட்டவருக்கெல்லாம் கொடுத்தன. டி.என்.எஸ். மாறிய வீட்டில் இணையம் வழக்கம்போலவே ஓடும். வங்கியின் முகவரியைத் தட்டச்சு செய்பவர் வேறெங்கோ சென்று சேரக்கூடும். அது மோடத்தின் வேலை என்று அவர் ஐயுறுவதற்கு வழியே இல்லை. பணம் இழந்தவர் காவல்நிலையம் செல்வார். மோடத்தை இழந்தவருக்கு இழந்ததே தெரியாது.

2017: பழி விழுந்த இடம்

மழைக்காலத்தில் கம்பி நனைந்து இணைப்பு அறுவது புறநகர்வாசிக்குப் பழகிய துன்பம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பகுதிகள் மூழ்கியபோது தொலைத்தொடர்பும் சேர்ந்தே மூழ்கியது. அவ்வகை முறிவுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியும், லைன்மேனை அழைக்கலாம். 2017 ஜூலை இறுதியில் நிகழ்ந்தது அப்படிப்பட்டதன்று. கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் பி.எஸ்.என்.எல். இணைப்புகளில் இருந்த மோடம்கள் தீநிரலால் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை ஏறத்தாழ 60,000 எனச் செய்திகள் தெரிவித்தன. எம்.டி.என்.எல். இணைப்புகளும் தப்பவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் ராட்வேர் நிறுவனம் அடையாளம் கண்டிருந்த பிரிக்கர்பாட் தீநிரலை எழுதியவர் இதற்குப் பொறுப்பேற்றார். பாதுகாப்பற்ற கருவிகளைப் பிறர் கைப்பற்றும்முன் செயலிழக்கச் செய்வதே தம் நோக்கம் என்பது அவரது வாதம்.

பி.எஸ்.என்.எல். தன் மைய வலைப்பின்னல் பாதிக்கப்படவில்லை என்றும், ‘அட்மின்’ என்ற தொடக்கக் கடவுச்சொல்லை மாற்றாத மோடம்களே தாக்கப்பட்டன என்றும் விளக்கி, வாடிக்கையாளர்கள் கடவுச்சொல்லை மாற்றுமாறு கேட்டுக்கொண்டது. அறிவுரை தவறன்று. ஆனால் தாக்குதலுக்கு வழியாகப் பேசப்பட்ட 7547ஆம் எண் வாயில் வாடிக்கையாளர் திறந்ததன்று. டி.எஸ்.எல். மன்றம் 2004இல் வெளியிட்ட டி.ஆர்.-069 நெறிமுறை, சேவை நிறுவனம் தொலைவிலிருந்தே மோடத்தை நிர்வகிக்கவும் நிலைப்பொருளைப் புதுப்பிக்கவும் வகுத்த ஏற்பாடு. அதற்குரிய வாயில் எண் 7547. ராம்பேஜர் பிழையை இணையத்திலிருந்து எட்ட முடிந்ததும் பெரிதும் இவ்வாயில் வழியாகவே. 2016 நவம்பரில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் நிறுவனத்தின் ஏறத்தாழ 9 இலட்சம் வாடிக்கையாளர்கள் இணைப்பிழந்தபோதும் இதே எண் பேசப்பட்டது. எட்டு மாத முன்னெச்சரிக்கை இருந்தது எனலாம்.

வெளியாட்கள் இவ்வாயிலை அணுகாதவாறு சேவை நிறுவனம் தன் வலைப்பின்னலிலேயே தடுக்க முடியும். வீட்டார் மோடத்தின் பக்கத்தைத் திறந்து கடவுச்சொல்லை மாற்றினாலும் அத்தடுப்பு உண்டாகாது. மாத வாடகை செலுத்திய வீட்டில் மோடம் நிறுவனத்தின் உடைமை. உடைமையாளர் செய்யவேண்டிய காவலை வாடகைக்கு இருப்பவரிடம் ஒப்படைத்த அறிக்கையாகவே 2017ஆம் ஆண்டு விளக்கத்தைப் படிக்கவேண்டியிருக்கிறது.

கேபிள் பாதையும் மைக்ரோடிக்கும்

செப்புக் கம்பி எட்டாத மனைப்பிரிவுகளில் தொலைக்காட்சி இணைப்புத் தந்தவரே இணையமும் தந்தார். இத்தகைய சிறு சேவையாளரிடையே உலகெங்கும் பரவியது லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் திசைவி. விலை மலிவு, வசதி மிகுதி. இங்குப் பிழையின் எடை வேறு. வீட்டு மோடம் வீழ்ந்தால் ஒரு வீடு. கேபிள்காரரின் திசைவி வீழ்ந்தால் பல தெருக்கள்.

2018 மார்ச்சில் கோர் செக்யூரிட்டி வெளியிட்ட சிவிஇ-2018-7445 பாடநூலில் வைக்கத்தக்க இடையக வழிதல். மைக்ரோடிக்கின் கோப்புப் பகிர்வுச் சேவை, வரும் செய்தியின் முதல் பைட்டை நீளமாகக் கொண்டு அத்தனை பைட்டுகளைப் படியெடுக்கும். பின் அடுத்த நீளத்தைப் படிக்கும். நீளம் சுழியம் ஆகும்வரை இது தொடரும். படியெடுக்கும் இடம் போதுமா என்ற கேள்வி எங்கும் கேட்கப்படவில்லை. கடவுச்சொல் கேட்கும் கட்டத்திற்கு முன்பே இது நிகழ்வதால் கடவுச்சொல்லை மாற்றுவதால் பயனில்லை. 1988ஆம் ஆண்டின் 512 பைட் கதைக்கும் இதற்கும் இடையே முப்பது ஆண்டுகள்.

ஆனால் அவ்வாண்டு இந்தியாவில் மிகுதியான சேதம் விளைத்தது வேறொரு பிழை. வின்பாக்ஸ் நிர்வாகச் சேவை வழியாகப் பயனர் கோப்பையே படிக்கவிட்ட சிவிஇ-2018-14847க்கு, மைக்ரோடிக் 2018 ஏப்ரலில் விரைந்து திருத்தம் வெளியிட்டது. அவ்வகையில் அலெக்ரோசாஃப்ட் கதையின் சங்கிலி இங்கு இல்லை. உற்பத்தியாளரிடமிருந்து நேராகப் பதிவிறக்கலாம். இருந்தும் ஆண்டின் பிற்பகுதியில் திருத்தம் ஏற்றாத திசைவிகள் பிறருக்காக மறைநாணயம் தோண்டும் நிரலைப் பயனரின் உலாவிகளுக்குள் செலுத்தின. இந்தியாவில் அத்தகைய திசைவிகள் ஏறத்தாழ 30,000 என 2018 அக்டோபரில் பான்பிரீச் நிறுவனம் தெரிவித்தது. கைகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் தாமதம் தீராது. கடைசிக் கையில் நேரமும் பயிற்சியும் வேண்டும் என்பதை இது காட்டுகிறது. கம்பி இழுப்பது, வசூல், பழுது எல்லாவற்றையும் இரண்டு மூன்று பேரை வைத்து நடத்தும் ஒருவர், நள்ளிரவில் திசைவியை நிறுத்தி நிலைப்பொருளை மாற்றத் துணிவதில்லை. புதுப்பித்தபின் திசைவி மீண்டும் எழாவிட்டால் காலையில் பதில் சொல்லவேண்டியவர் அவரே.

சட்டமும் சான்றுகளும்

இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2004 முதல் செயல்படுகிறது. 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு அதற்குச் சட்டநிலை தந்தது. 2022 ஏப்ரல் 28ஆம் நாள் ஆணை, சேவை நிறுவனங்கள் இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை ஆறு மணி நேரத்திற்குள் அறிவிக்கவேண்டும் என்கிறது. தொலைத்தொடர்புக் கருவிகளுக்குக் கட்டாயச் சோதனையும் சான்றும் வேண்டும் என்ற விதிகள் 2017 செப்டம்பரில், மோடம் தாக்குதலுக்குச் சில வாரங்களுக்குப் பின், அறிவிக்கப்பட்டன. இவை நிகழ்வையும் விற்பனையையும் நெறிப்படுத்துகின்றன. ஏற்கெனவே வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டிக்கு எத்தனை ஆண்டு திருத்தம் வழங்கவேண்டும் என்பது அவற்றிற்கு வெளியே நிற்கிறது.

இத்துறையில் ஆய்வு செய்ய விரும்புவோர் எதிர்கொள்ளும் இடர் சான்றுகளின் அழிவு. கண்ணாடியிழை இணைப்பு வந்தபின் செப்புக் கம்பி மோடம்கள் பழைய இரும்புக் கடைக்குச் சென்றன. ஒவ்வொன்றின் அடிப்பகுதியிலும் மாதிரி எண், வரிசை எண், பல வேளைகளில் தொடக்கக் கடவுச்சொல்லும் அச்சிட்ட ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். உள்ளே, கருவியை இயக்கினால், நிலைப்பொருளின் பதிப்பு எண் தெரியும். வாடகை வசூலித்ததற்குப் பழைய தொலைபேசிக் கட்டண ரசீதுகள் சான்று. தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டைப் பகுதிகளின் வீட்டுப் பரண்களில் இவை இன்னும் ஓரளவு கிடைக்கக்கூடும். ஒரு தெருவின் இருபது மோடம்களில் எத்தனை 4.34க்கு முந்தைய ராம்பேஜருடன் தூக்கியெறியப்பட்டன என்பதை அந்த ஒட்டுத்தாள்களும் பதிப்பு எண்களும் சேர்ந்தால் கணக்கிட்டுவிடலாம்.